ஓடைப்பாலத்தில் நான்கு நிமிடம்

ஆகஸ்ட் 4, திங்கள்

இடுப்பெலும்பில் தகடு வைத்து இன்றோடு இருபத்தாறு நாள். குளியலறையில் சோப்புத் தண்ணீரில் கால் வைத்தது ஒரு நொடி. அதற்குத் தண்டனை மூன்று மாதம். தரையில் உட்காரக்கூடாது, குனியக்கூடாது, படி ஏறக்கூடாது என்று டாக்டர் ஒரு தாள் எழுதிக் கொடுத்திருக்கிறார். தாள் முழுக்கக் கூடாது. கூடும் என்று ஒன்றையும் காணோம்.

முப்பத்தொரு வருடம் தென்காசி பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்தவன் நான். தனியார் பஸ் உரிமையாளர் சங்கம் வைத்த ஆள். எந்த முதலாளியின் வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று ரிஜிஸ்டரில் எழுதுவதும், நேரம் தாண்டி நிற்கிற வண்டியை விசில் ஊதிக் கிளப்புவதும்தான் வேலை. தனியார் பஸ்காரர்களுக்கு ஒரு நிமிடம் கூடுதலாக நின்றால் பத்து பேர் கூடுதலாக ஏறுவார்கள். அந்தப் பத்து பேர் பின்னால் வருகிற வண்டிக்குப் போக வேண்டியவர்கள். இதற்காக நடுரோட்டில் சட்டையைப் பிடித்துக்கொண்டவர்களை எல்லாம் என் ரிஜிஸ்டரைக் காட்டித்தான் விலக்கிவிட்டிருக்கிறார்கள். "நயினாரு எழுதியிருந்தா சரியாத்தான் இருக்கும்" என்பார்கள். அந்த நயினார் இப்போது கழிப்பறைக்குப் போக மணியடித்து மனைவியைக் கூப்பிடுகிறான்.

கோமதி தன் போனைக் கொண்டுவந்து கையில் திணித்தாள். "எதையாவது பாத்துக்கிட்டுக் கெடங்க. அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா என்னையக் கூப்பிடாதிய."

ஆறு நிமிடத்துக்கு ஒருமுறைதான் கூப்பிட்டேன். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

குடிதண்ணீர் வரும் நாள். கோமதி குழாயடியில். நான் போனில்.

தள்ளத் தள்ள என்னென்னவோ வருகிறது. மூட்டுவலி எண்ணெய். ஒற்றை ஆளாக முழு ஆட்டைத் தின்கிற ஒருவன். குடும்பத்தலைவன் எப்படி இருக்க வேண்டும் என்று அரை மணி நேரம் வைகிற ஒரு சொற்பொழிவாளர். கண் எரிந்தது. மூடி வைக்கப் போன நேரத்தில் பஸ் எஞ்சின் உறுமுகிற சத்தம் கேட்டது. பார்த்தால் என் பஸ் ஸ்டாண்டு! நான் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்த அறையின் ஜன்னல் ஓரமாகத் தெரிந்தது.

சேனலின் பெயர் 'டபுள் விசில்'. ஒரு விசில் என்றால் நிற்கணும், இரண்டு விசில் என்றால் போகலாம். வடிவம்மன் பஸ்ஸின் கண்டக்டர் ஒருவன் சட்டைப் பையில் போனை நிறுத்திவைத்துக்கொண்டு, தென்காசியிலிருந்து சுரண்டைக்குப் போகிற காலை டிரிப்பை எடுத்து, பன்னிரண்டு நிமிடமாகச் சுருக்கிப் போடுகிறான். பெயர் இசக்கிராஜா. முகம் தெரிவதில்லை. குரல்தான். அந்த வாய் ஒரு நிமிடம் சும்மா இருப்பதில்லை. கல்யாண மண்டபம் ஸ்டாப்பில், "பொண்ணு வீட்டுக்காரவங்க முன்வாசல், மாப்பிள வீட்டுக்காரவங்க பின்வாசல், சாப்பாட்டுக்கு மட்டும் வந்தவங்க எந்த வாசல்லயும் எறங்கலாம்!" என்றான். மீன் கூடையோடு ஏறிய அம்மாளிடம், "அத்தை, நீங்க டிக்கெட் எடுத்துட்டிய. ஒங்க மீன் வாசன டிக்கெட் இல்லாமக் கடைசி சீட்டு வரைக்கும் போயிருக்கு, கூப்பிடுங்க" என்றான். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்தால் தகடு வலிக்கிறது.

ஒரே மூச்சில் மூன்று வீடியோ பார்த்தேன். பார்த்தவர்கள் நாற்பத்தோரு பேர் என்று கீழே போட்டிருந்தது. ஆட்டைத் தின்றவனை ஒன்பது லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

ஆகஸ்ட் 9, சனி

வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினேன். பதினெட்டு அடி. சட்டை நனைந்துவிட்டது.

காலை டிரிப்பை இசக்கிராஜா மதியம் மூன்று மணிக்கு மேல்தான் போடுகிறான். கோமதியும் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டே பார்த்தாள். "இந்தப் பயலுக்கு வாயி மட்டும் இல்லன்னா நாய் தூக்கிட்டுப் போயிரும்" என்றாள். அவளுக்கும் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

டிரைவர் தலைக்கு மேல் சிவப்பு எழுத்துக் கடிகாரம் ஒன்று ஓடுகிறது. அது கண்ணில் பட்ட பிறகு எனக்கு வேறெதுவும் ஓடவில்லை. பேத்தி விட்டுவிட்டுப் போன கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்து வரச் சொன்னேன். பஸ் ஸ்டாண்டு 7.50, சரி. மண்டபம் 7.58, சரி. ரைஸ்மில் 8.06, சரி. ஓடைப்பாலம் 8.14, வந்துவிட்டான். கிளம்பியது 8.18. முந்தைய வீடியோக்களையும் ஓட்டிப் பார்த்தேன். எல்லா நாளும் 8.18.

நான்கு நிமிடம்! பின்னால் பாக்கியலட்சுமி பஸ் 8.30க்கு வருகிறது. என் காலத்தில் இப்படி நின்றிருந்தால் விசிலாலேயே காதைக் கிழித்திருப்பேன். ஒற்றை விரலால் இருபது நிமிடம் தட்டிக் கீழே கருத்து எழுதினேன்: "ஓடைப்பாலத்தில் நான்கு நிமிடம் கூடுதல். கவனிக்கவும். இவண், ஆறுமுகநயினார், ஓய்வுபெற்ற டைம்கீப்பர்."

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்று வீடியோவில் என்னைப் பற்றிப் பேசினான்.

ஓடைப்பாலம் வந்ததும், "நம்ம டைம்கீப்பர் ஐயா ஏன் நாலு நிமிசம்னு கேட்டிருக்காவ. ஐயா, அந்தா பாருங்க" என்று போனைப் பையிலிருந்து எடுத்துத் திருப்பினான். ஓடைக்கரை வழியாக மூன்று பெண்கள் இடுப்பில் பீடிக் கூடையோடு ஓட்டமும் நடையுமாக வருகிறார்கள். "பீடிக்கடைல எட்டே முக்காலுக்கு வாங்குறத நிப்பாட்டிருவாவ. அடுத்த பஸ்ஸுல போனா இவங்க ஒரு நாள் பூரா சுத்தின பீடி திரும்பி வீட்டுக்கு வந்துரும். நீங்களே சொல்லுங்கய்யா, டபுள் விசில் குடுக்கவா, வேண்டாமா?"

அந்த அறையில் உட்கார்ந்திருந்தவரை நான் வண்டிகளைத்தான் பார்த்திருக்கிறேன். ஓடிவருகிறவர்களைப் பார்த்ததில்லை. அவர்கள் வந்து சேரும் முன் வண்டி போய்விட்டிருக்கும் அல்லவா.

சட்டம் சட்டம்தான். ஆனால் இன்று மூன்று நிமிடத்தில் கிளப்பிவிட்டான். "இன்று மூன்று நிமிடம். முன்னேற்றம்" என்று எழுதினேன்.

ஆகஸ்ட் 20, புதன்

இப்போது தினமும் ஓடைப்பாலத்தில் எனக்கு ஒரு வணக்கம் உண்டு. "அக்கா, டைம்கீப்பர் ஐயாவுக்குக் கைய காட்டுங்க" என்கிறான். மூச்சு வாங்கிக்கொண்டே அந்தப் பெண்கள் கை காட்டுகிறார்கள். பச்சைச் சேலைக்காரி இன்று, "ஐயா, நாளைக்கு ரெண்டு நிமிசத்துல வந்துருதோம், கோவிக்காதிய!" என்றாள். நான் சத்தமாகப் பதில் சொன்னேன். கோமதி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

மகள் சென்னையிலிருந்து கூப்பிட்டாள். மணி மூன்று பத்து, வீடியோ வந்த நேரம். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். கோமதிக்குக் கோபம்.

நோட்டில் தேதி வாரியாக, ஸ்டாப் வாரியாகக் கட்டம் போட்டு எழுதி வருகிறேன். கையெழுத்து இன்னும் நடுங்கவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை.

பலவேசம் பார்க்க வந்தான். என்னோடு சங்கத்தில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவன். இப்போது பாக்கியலட்சுமி பஸ் கம்பெனியில் மேனேஜர். ஆப்பிள் கொண்டுவந்தான். "என்ன வே, இப்படிப் படுத்துட்டீரு?" என்று கட்டிலோரம் உட்கார்ந்தான். படுத்துக் கிடக்கிறவனிடம் எல்லோரும் கேட்கிற கேள்வி. பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டான். வீடியோவைக் காட்டினேன். சிரித்தான். நோட்டையும் காட்டினேன்.

நோட்டைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, பக்கம் பக்கமாகப் புரட்டினான். "பத்தொம்போது நாளா! ஒரு நாள் விடலயே வே. ஓம்ம மாதிரி எழுத இப்ப ஆளே கிடையாது. நம்ம ஆபீஸ் பயலுவகிட்ட காட்டணும், ஒரு படம் எடுத்துக்கிடட்டா?" என்றான். எல்லாப் பக்கத்தையும் எடுத்துக்கொண்டான். ஒரு பக்கம் மங்கலாக விழுந்துவிட்டது என்று திரும்ப எடுத்தான். நானே நோட்டை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டேன்.

படுத்த பிறகு என்னை மனிதனாக மதித்து வந்த முதல் ஆள். நான்கு கொழுக்கட்டை சாப்பிட்டான்.

செப்டம்பர் 2, செவ்வாய்

இன்று வீடியோ ஏழு நிமிடம்தான். இசக்கிராஜா ஸ்டாப் பெயர்களை மட்டும் சொன்னான். ஓடைப்பாலத்தில் 8.14க்கு வந்து 8.14க்கே கிளம்பினான். ஓடைக்கரையில் யாரோ கை வீசுவது தெரிந்தது. வண்டி காத்திருக்கவில்லை.

"இன்று மிகச் சரியான நேரம்" என்று எழுதினேன். பதில் இல்லை.

செப்டம்பர் 4, வியாழன்

வீடியோ இல்லை. ஐந்து மணிவரை பார்த்தேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

சேனலே இல்லை. 'இந்தப் பக்கம் கிடைக்கவில்லை' என்று வருகிறது. போனை அணைத்துப் போட்டேன். சிம்மைக் கழற்றி மாட்டினேன். கோமதி மறுபடி ரீசார்ஜ் செய்தாள். வெள்ளைத் திரையில் அதே வரி.

செப்டம்பர் 6, சனி

'டபுள் விசில்' என்று எத்தனை விதமாகத் தட்டலாமோ அத்தனை விதமாகவும் தட்டிவிட்டேன். விசில் விற்கிற கடை வருகிறது. வடிவம்மன் என்று தட்டினால் கோவில் கொடை விழா வருகிறது. வேறு பஸ் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. எல்லாம் ஹாரனும் சினிமாப் பாட்டும். ஒருவன் மதுரை வரைக்கும் எடுத்திருக்கிறான், ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாத கண்டக்டரோடு யார் போவது?

சாயங்காலம் வாக்கர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சோர்வாக இருக்கிறது.

செப்டம்பர் 8, திங்கள்

கேஸ் சிலிண்டர் வந்தது. மருந்து தீர்ந்தது. முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி.

கோமதி என் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள். "அந்த ஆப்பிள் மனுசன் எதுக்கு நோட்டப் படம் எடுத்துட்டுப் போனாவ?"

"பசங்களுக்குக் காட்ட."

"பாக்கியலட்சுமில மேனேஜரா இருக்கவருக்கு, வடிவம்மன் வண்டி நேரம் எதுக்கு?"

உனக்கு பஸ் விஷயம் என்ன தெரியும் என்று சத்தம் போட்டேன். அவள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள். ஒரு காலுக்குத்தான் தடவியிருந்தாள்.

தொழில்நுட்பக் கோளாறாக இருக்கும். நிறைய பேருக்கு இப்படிச் சேனல் போகிறதாம். போனிலேயே போட்டிருக்கிறது.

செப்டம்பர் 11, வியாழன்

இசக்கிராஜா வந்தான். காப்பி குடித்தான். போய்விட்டான்.

செப்டம்பர் 12, வெள்ளி

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். முப்பத்தொரு வருடத்தில் நான் ஒரு ரிஜிஸ்டரில்கூட இப்படி ஒன்றை எழுதியதில்லை. முழுதாக எழுதுகிறேன்.

பத்தே காலுக்கு வந்தான். நான் நினைத்ததைவிடக் குள்ளம். பனியனில் வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது. "ஐயா, நான்தான் இசக்கிராஜா. நீங்க எழுதுற கமெண்ட்டுல பேரு இருந்துச்சுல்லா, சங்க ஆபீஸ்ல கேட்டு வந்தேன்" என்றான். குரலைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். எழுந்து உட்காரப் பார்த்தேன், அவனே ஓடிவந்து தாங்கிப் பிடித்தான்.

பாக்கியலட்சுமிக்காரர்கள் முதலில் வாய்வார்த்தையாக மிரட்டிவிட்டு, பிறகு சங்கத்தில் புகார் கொடுத்திருக்கிறார்கள். வடிவம்மன் வண்டி தினமும் ஓடைப்பாலத்தில் நின்று தங்கள் பயணிகளை ஏற்றிக்கொள்கிறதாம். புகார் வந்த அன்றே இவன் முதலாளி வீடியோவை எல்லாம் அழிக்கச் சொல்லிவிட்டார். அழித்துவிட்டான். மறுநாள் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறான். ஞாயிற்றுக்கிழமை 21ஆம் தேதி சங்கத்தில் விசாரணை. குற்றம் நிஜம் என்று முடிவானால் இவனுக்கு வேலை கிடையாது, எந்தத் தனியார் பஸ்ஸிலும் சேர்க்க மாட்டார்கள். வண்டியின் நேரத்தையும் பத்து நிமிடம் முன்னால் தள்ளிவிடுவார்கள். பீடிக்காரப் பெண்கள் அதைப் பிடிக்கவே முடியாது.

"வீடியோதான் இல்லையே, அப்புறம் எப்படி நிரூபிப்பாவ?" என்று கேட்டேன்.

"ஒரு நோட்டு இருக்காம்யா. தேதி போட்டு, மணி போட்டு, பத்தொம்போது நாளைக்கு. எழுத்தப் பாத்துட்டு எங்க மொதலாளி ஒங்க எழுத்துன்னு சொல்லுதாவ. நான் நம்பலய்யா. டைம்கீப்பர் ஐயா வெளையாட்டுக்கு எழுதுவாவ, இப்படிச் செய்ய மாட்டாவன்னு சொல்லிட்டேன்." கொஞ்ச நேரம் காப்பி டம்ளரையே உருட்டிக்கொண்டிருந்தான். "நீங்க குடுத்தியளாய்யா?"

"நான் யாருக்கும் எதுவும் குடுக்கல" என்றேன்.

"அதான!" என்றான். முகம் தெளிந்துவிட்டது. போகும்போது, மார்க்கெட்டில் நல்ல வேப்பெண்ணெய் கிடைக்கிறது, இடுப்புக்கு வாங்கி வருகிறேன் என்றான்.

கோமதி அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

செப்டம்பர் 13, சனி

சாப்பாடு வந்தது. மாத்திரை வந்தது. பேச்சு வரவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

பலவேசத்துக்குப் போன் போட்டேன். நான்காவது தடவைதான் எடுத்தான்.

"ஏன் வே இப்படிச் செஞ்சீரு?" என்றேன்.

"நான் என்ன பொய்யா சொன்னேன்? நீரு எழுதினதுதான? நாலு நிமிசம் நின்னானா, இல்லையா? அத மட்டும் சொல்லும்."

நின்றான்.

"எங்க வண்டி காலியா ஓடுது நயினாரே. எங்க கண்டக்டருக்கும் புள்ளகுட்டி இருக்கு. ஞாயித்துக்கிழம நீரு வந்து, ஆமா என் எழுத்துதான்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். கார் அனுப்புதேன். ஓம்ம வார்த்தைய எவன் மறுப்பான்?"

அதுதான் கஷ்டம். அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. பாக்கியலட்சுமிக்கு நடந்தது அநியாயம்தான். என் அறையிலிருந்து பார்த்தால் அதுதான் தெரியும். ஆனால் என்னைப் பார்த்துக் கை காட்டிய அந்தப் பெண்களை அங்கே இருந்து பார்க்க முடியாது.

எனக்குச் சினிமா கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. படுத்துக் கிடந்த இந்த உடம்புக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அந்தப் பன்னிரண்டு நிமிடம். அதை நானே வெளிச்சத்தில் பிடித்துக் கொடுத்திருக்கிறேன், இரண்டாம் தடவை தெளிவாக விழட்டும் என்று. நினைக்க நினைக்க என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

செப்டம்பர் 17, புதன்

இசக்கிராஜா யார் கையிலோ வேப்பெண்ணெய் கொடுத்துவிட்டிருக்கிறான். கோமதி அதை என் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். தடவிவிடவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

கோமதியிடம் சொன்னேன். "அவன்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்."

"ஞாயித்துக்கிழம போயி என்ன சொல்ல?"

பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. "ஒங்களக் காப்பாத்திக்கிட ஒரு பொய் சொன்னிய. இன்னொண்ணு அந்தப் பயலுக்காகச் சொன்னா என்ன? தேய்ஞ்சா போயிருவிய?"

அவளுக்குத் தெரியாது. தேய்ந்துதான் போவேன். என்னிடம் இருப்பது, எழுதின மணி தப்பாது என்கிற பேர் ஒன்றுதான். இத்தனை வருடத்தில் ஒரு முதலாளி வேட்டி சட்டை எடுத்துக்கொடுத்து ஒரு நிமிடம் மாற்றி எழுதச் சொன்னதற்கு, அவர் வண்டியை ஒரு வாரம் நொடி பிசகாமல் கிளப்பிக் கதறவைத்தவன் நான். இன்றும் ஏதாவது நேரத் தகராறு வந்தால் சங்கத்து பீரோவிலிருந்து என் பழைய ரிஜிஸ்டர்களைத்தான் எடுக்கிறார்கள். நான் செத்த பிறகும் எடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

செப்டம்பர் 20, சனி

வாசல்வரை ஆறு தடவை நடந்தேன். பலவேசத்துக்குக் கார் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

கோமதியும் நானும் ஆட்டோவில் போனோம். ஒவ்வொரு வேகத்தடைக்கும் உயிர் போய் வந்தது. சங்க அலுவலகத்துக்கு மூன்று படி. இசக்கிராஜா ஓடிவந்து தூக்கினான். மறுபக்கம் பலவேசம் பிடித்துக்கொண்டான்.

தலைவர் பெரியதுரை அண்ணாச்சி நடுவில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கம்பெனி முதலாளிகளும் எதிரெதிரே. மேசைமேல் என் நோட்டின் பக்கங்கள், பெரிதாகப் பிரிண்ட் எடுத்தவை. அழகாக இருந்தன. அதையும் சொல்லிவிடுகிறேன்.

"நயினாரு, இது ஒங்க எழுத்தா?" என்றார் அண்ணாச்சி.

"என் எழுத்துதான் அண்ணாச்சி. நான்தான் பலவேசத்துக்கிட்ட குடுத்தேன்."

இசக்கிராஜாவைப் பார்க்காமல்தான் சொன்னேன்.

"அப்ப நாலு நிமிசம் நின்னது நெசந்தான்."

"எனக்குத் தெரியாதுங்க."

பலவேசம் நிமிர்ந்தான். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். "ஆபரேசனுக்குப் பொறகு கண்ணு சரியாத் தெரியல. வீடியோவுல கடியாரம் மங்கலா ஓடும். வலி மாத்திர போட்டுட்டுக் கெடப்பேன். பொழுது போகணும்லா, மனசுல தோணின மணிய எழுதி வச்சேன். வெளையாட்டுக்குக் கட்டம் போட்டேன். இத நம்பி யாரும் ஒரு முடிவு எடுக்க வேண்டாம்."

"பொய்யி! பொய் சொல்லுதாரு அண்ணாச்சி!" என்று பலவேசம் எழுந்தான். "இவரு கண்ணு தெரியாமலா எழுதுவாரு? என் கண்ணு முன்னாடி நோட்டப் புரட்டிக் காமிச்சாரு!"

"ஆமா, காமிச்சேன். பெருமைக்கு" என்றேன்.

பாக்கியலட்சுமி முதலாளி நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "அப்ப முப்பத்தொரு வருசம் இங்க ஒக்காந்து எழுதினதும் இப்படித்தானா நயினாரே? தோணின மணியா?"

இதற்கு நான் தயாராக வரவில்லை. இல்லை என்று சொன்னால் நோட்டும் நிஜமாகிவிடும். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

"அப்படியும் இருந்திருக்கலாம்" என்றேன்.

கோமதி பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது.

முடிவு சீக்கிரம் எழுதினார்கள். சாட்சி இல்லாததால் புகார் தள்ளுபடி. வண்டிக்குப் பழைய நேரமே. இசக்கிராஜாவைத் திரும்ப வேலைக்கு எடுக்கலாம். பணி நேரத்தில் போன் வைத்திருக்கக்கூடாது, இனி எந்த வீடியோவும் போடக்கூடாது. பாக்கியலட்சுமி முதலாளி இன்னொரு வரி சேர்க்கச் சொன்னார். அதையும் சேர்த்தார்கள்: ஆறுமுகநயினார் எழுதிய பழைய ரிஜிஸ்டர்களை இனி எந்தத் தகராறிலும் ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எல்லோரும் டீ குடிக்க வெளியே போனார்கள். இசக்கிராஜா போகிற வழியில் என் முன்னால் நின்றான். அத்தனை பேசுகிற பையன், என் வாக்கரைக் கை எட்டுகிற இடத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டுப் போனான். என்னை மன்னித்தானா என்று எனக்குத் தெரியாது. கேட்கிற தைரியமும் இல்லை.

நான் சொன்னதை ஒரு தாளில் எழுதி, அண்ணாச்சி கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். அவர் தாளை வாங்கிப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

"இது என்ன, பதினொண்ணு நாப்பத்திரண்டு?"

"மணிங்க. கையெழுத்துப் போட்ட நேரம்."

அண்ணாச்சி எதிர்ச்சுவரை அண்ணாந்து பார்த்தார். அது இருபது அடிக்கு அப்பால் இருந்தது. "அதுல முப்பத்தொம்போதுல்லா காட்டுது?"

"அது மூணு நிமிசம் பின்னால ஓடுது அண்ணாச்சி. நுழையும்போதே என் வாட்ச்சோட ஒத்துப் பாத்துட்டேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. கோமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாக்கியலட்சுமிக்காரர்கள் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார்கள். டீ ஆற்றுகிற சத்தம் கேட்டது.

அண்ணாச்சி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து அந்த மணியை மட்டும் அழுத்தி அடித்து, தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"வெயிலு ஏறுது. வீட்டுக்குப் போங்க நயினாரு" என்றார்.